சமுதாய வானொலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தன்னார்வலராக வருகிறவர்கள், நிகழ்ச்சி தொடங்க நினைக்கிறவர்கள், சும்மா கேட்டுக்கொண்டிருந்து சந்தேகம் வந்தவர்கள் என்று பலரும் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டு விதி என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சமுதாய வானொலின்னா என்ன? அதுவும் ஒரு எஃப்எம் தானே?

ஆமாம், கருவியில் கேட்கும்போது அதே எஃப்எம்தான். யார் நடத்துகிறார்கள், யாருக்காக நடத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அரசு வானொலி நாட்டையே மனதில் வைத்துப் பேசும், தனியார் வானொலிக்கு விளம்பரம்தான் பிழைப்பு, சமுதாய வானொலி ஒரு சின்ன வட்டாரத்துக்காக லாப நோக்கம் இல்லாமல் அந்த வட்டாரத்து ஆட்களையே வைத்து நடப்பது. உரிமம் பெரும்பாலும் ஒரு கல்லூரி, தொண்டு நிறுவனம் அல்லது சங்கத்தின் பெயரில் இருக்கும்.

உரிமம் அப்படி இருப்பதாலேயே ஒரு நிலையம் சமுதாய வானொலி ஆகிவிடுவதில்லை. நாள் முழுக்கச் சினிமாப் பாட்டு, நடுநடுவே நிறுவனத் தலைவரின் உரை என்று ஓடுகிற நிலையங்களும் இருக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போன வாரம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் இந்த வாரம் மைக் முன்னால் உட்கார வழி இருக்கிறதா?

எவ்வளவு தூரம் கேட்கும்?

இந்தியாவில் வழக்கமான உரிமத்தில் 100 வாட் கதிர்வீச்சுத் திறன், 30 மீட்டர் வரை ஆன்டெனா. இதில் சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை கேட்கும். அமெரிக்காவில் 2000-இல் வந்த குறைந்த திறன் எஃப்எம் உரிமத்துக்கும் உச்ச வரம்பு 100 வாட்தான். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போவது என்பதால் குன்றும் உயரமான கட்டடங்களும் அதை மறைக்கும். டிரான்ஸ்மிட்டரின் திறனை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது, ஆன்டெனாவை நல்ல உயரத்தில் வைப்பதுதான் அதைவிடப் பலன் தரும்.

தூரம் குறைவு என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. கீழே பல பதில்களில் இந்தச் சின்ன வட்டத்துக்குத் திரும்ப வருவேன், ஏனென்றால் நல்லதும் சிக்கலும் இரண்டும் அதிலிருந்துதான் வருகின்றன.

இது இப்ப புதுசா வந்த விஷயமா?

இல்லை. 1947-இல் கொலம்பியாவின் சுதாதென்சா என்ற மலையூரில் ஒரு பாதிரியார் உழவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்க வானொலி தொடங்கினார். பொலிவியாவில் அந்தப் பத்தாண்டின் கடைசியிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைப் போட்டுச் சொந்தமாக நிலையங்கள் நடத்தினார்கள். 1949-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கேபிஎஃப்ஏ என்ற நிலையம், விளம்பரம் இல்லாமல் நேயர்கள் தரும் பணத்தில் ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் பார்த்தால் இலங்கையில் 1981-இல் மகாவலி ஆற்றுத் திட்டத்தின் குடியேற்றப் பகுதிகளுக்காகச் சமுதாய வானொலித் திட்டம் வந்தது, நேபாளத்தில் 1997-இல் ரேடியோ சாகர்மாதா.

இந்தியா தாமதமாகத்தான் வந்தது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது, 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் தொடங்கியது. 2006-இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. அதற்குப் பிறகு 2008-இல், இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் "சங்கம் ரேடியோ" என்ற நிலையம் வந்தது. ராமேசுவரம் தீவில் பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 2016-இல் மீனவர்களுக்காகவே தொடங்கப்பட்டது.

உள்ளூர்ச் செய்தின்னு சொல்றீங்க, எங்க ஏரியாவுல ஒண்ணுமே நடக்கறதில்லையே, எதைச் சொல்றது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. செய்தி என்றால் நடந்து முடிந்தது என்றே பழகிவிட்டோம். வட்டாரச் செய்தியில் பாதிக்கு மேல் இனி நடக்கப்போவதும், நடக்க வேண்டியது நடக்காமலே கிடப்பதும்தான். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும், பள்ளிச் சேர்க்கைக்குக் கடைசி நாள் எது, எந்தச் சாலையைத் தோண்டப் போகிறார்கள், உள்ளாட்சிக் கூட்டம் என்றைக்கு, அதில் பொதுமக்கள் பேசலாமா கூடாதா. உள்ளாட்சி அலுவலகத்து அறிவிப்புப் பலகையை வாரம் ஒரு முறை நின்று நிதானமாகப் படித்தாலே ஒரு நிகழ்ச்சிக்கு விஷயம் கிடைத்துவிடும். அந்தப் பலகையை யாரும் படிப்பதில்லை, அதனால்தான் அது செய்தி.

அப்புறம் ஒரு நோட்டு. யாராவது ஒரு அதிகாரி "இரண்டு வாரத்தில் சரி செய்துவிடுவோம்" என்று பேட்டியில் சொன்னால் அவர் பெயர், பதவி, சொன்ன தேதி, சொன்ன கெடு எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். கெடு முடிந்த அன்று ஃபோன் செய்து "ஐயா, இன்றைக்கு அந்த நாள்" என்று கேளுங்கள். வேலை முடிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், நன்றியோடு சொல்லுங்கள். பெரிய ஊடகங்களுக்கு ஒரே விஷயத்துக்கு மூன்றாவது முறை திரும்பி வர நேரம் கிடையாது, நமக்கு உண்டு. குறை கேட்கும் நிகழ்ச்சிகளை நிறைய நிலையங்கள் நடத்துகின்றன, கேட்ட குறை என்ன ஆயிற்று என்று சொல்கிற நிலையங்கள்தான் குறைவு. இரண்டாவதைச் செய்ய முடியாவிட்டால் முதலாவதை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: இதைக் கேட்டுவிட்டு ஒருவர் நாளைக்கு எங்கே போவார், யாரைக் கேட்பார், எந்தத் தாளை எடுத்துப் போவார்? பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு ஃபோன் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தியாவில சமுதாய வானொலியில செய்தியே வாசிக்கக் கூடாதாமே? அப்ப நீங்க சொன்னதெல்லாம்?

பாதி சரி. 2006 கொள்கையில் செய்திக்கும் நடப்பு விவகாரங்களுக்கும் அரசியல் தன்மையுள்ள நிகழ்ச்சிகளுக்கும் தடை இருந்தது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே, அல்லது வட்டார மொழிக்கு மாற்றி ஒலிபரப்பிக்கொள்ளலாம் என்று பிற்பாடு அனுமதி வந்தது, ஆனால் நீங்களே நிருபர் வைத்துச் செய்தியறிக்கை தயாரிக்க முடியாது. வானிலை, போக்குவரத்து, உள்ளூர் விளையாட்டு, கலை விழாக்கள், தேர்வு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, குடிநீர், மின்சாரம், பேரிடர் எச்சரிக்கை, சுகாதார அறிவிப்பு போன்றவை செய்தி வகையில் சேராது.

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் வரவில்லை என்பதையும் எப்போது வரும் என்பதையும் சொல்லலாம். அதற்கு எந்தக் கட்சி காரணம் என்று அலசப் போனால்தான் வேலிக்கு வெளியே போகிறீர்கள். இந்த வேலி எனக்குப் பிடித்ததில்லை, ஒரு வட்டாரத்துக்கான வானொலி தன் வட்டாரத்தைப் பற்றிச் செய்தி சொல்லக் கூடாது என்பது வேடிக்கைதான், ஆனால் உரிமம் போனால் மைக்கே இருக்காது. நேபாளத்தில் சமுதாய வானொலிகள் செய்தி வாசிக்கின்றன, 2005-இல் மன்னர் ஆட்சியைக் கையில் எடுத்தபோது எஃப்எம் செய்திகளுக்குத் தடை போட்டதும் அதனால்தான். ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற இடங்களிலும் செய்திக்குத் தடை இல்லை.

எனக்கு வானொலித் தமிழ் வராது, குரலும் சுமார்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை. பேசுவது புரிகிறதா, மூச்சு வாங்கும் சத்தம் மைக்கில் அடிக்கிறதா என்பதை மட்டும் பார்ப்போம். உங்கள் வட்டாரப் பேச்சிலேயே பேசுங்கள், கேட்கிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். எழுதியதைப் படிக்கும்போது மட்டும் வாக்கியங்களை உடைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் இரண்டு தடவை சொல்லுங்கள், ஏனென்றால் கேட்கிறவர் பேனா தேடிக்கொண்டிருப்பார்.

வாட்ஸ்ஆப்பில வந்ததைச் சொல்லலாமா? எல்லாரும் அதைத்தானே பேசிக்கிறாங்க?

அதை அப்படியே எடுத்துச் சொல்லக் கூடாது. எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள் என்றால் அதைச் சரிபார்க்க அது ஒரு நல்ல காரணம், அவ்வளவுதான். சம்பந்தப்பட்ட அலுவலகம், சம்பவ இடத்தில் இருந்த ஒருவர், இந்த இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசிவிட்டுச் சொல்லுங்கள். வதந்தி பொய் என்று தெரிந்து அதை மறுக்கும்போது பொய்யை முதலில் விலாவாரியாகச் சொல்லாதீர்கள், நடுவில் வானொலியைப் போட்டவருக்கு அது மட்டும்தான் காதில் விழும். உண்மையை முதலில் சொல்லி, அதற்குப் பிறகு "வேறு மாதிரி ஒரு தகவல் சுற்றுகிறது, அது தவறு" என்று முடித்துவிடுங்கள்.

கலை நிகழ்ச்சின்னா பாட்டு போட்டா போதாதா?

போதாது, அதோடு நீங்கள் நினைப்பதுபோல் அது இலவசமும் இல்லை. சினிமாப் பாட்டை ஒலிபரப்ப உரிமம் வேண்டும், பல நாடுகளில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவு நிறுவனத்தின் பக்கம் ஒன்று என இரண்டு உரிமம். லாப நோக்கமில்லாத நிலையம் என்பதால் இது தானாக விலக்கு ஆகிவிடாது.

அதைவிட, பாட்டு வேறு எங்கும் கிடைக்கும். உங்கள் வட்டத்துக்குள் இருக்கிற பறை அடிக்கிறவர், தாலாட்டுப் பாடுகிறவர், பேனர் எழுதிக்கொண்டிருந்து இப்போது வேலையில்லாமல் இருக்கிற ஓவியர், பள்ளி நாடகத்துக்கு எழுதிக் கொடுக்கும் வாத்தியார், இவர்களை வேறு எந்த வானொலி கூப்பிடப் போகிறது? கூப்பிட்டால் பாடச் சொல்லிவிட்டு அனுப்பிவிடாமல் வேலையைப் பற்றிப் பேச விடுங்கள். தோல் எங்கே வாங்குகிறார், எத்தனை மணி நேரம் காய வைக்கிறார், யாரிடம் கற்றார், ஒரு நிகழ்ச்சிக்கு என்ன கொடுக்கிறார்கள், கொடுத்த வாக்குப்படி கொடுக்கிறார்களா? கலையைப் பற்றிய நிகழ்ச்சி கூலியைப் பற்றிப் பேசாமல் முடிவது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

இன்னொரு விஷயம். அவர் பாடிய பாட்டை நீங்கள் பதிவு செய்துவிட்டதால் அது உங்களுடையது ஆகாது. எங்கே ஒலிபரப்புவீர்கள், இணையத்தில் போடுவீர்களா, வேறு நிலையங்களுக்குக் கொடுப்பீர்களா என்று முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள், அந்தச் சம்மதத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள்கூட வாயால் சொல்லத் தயங்குவதில்லை.

நம்ம பசங்க நாடகம் போட்டிருக்காங்க, பார்த்தா நல்லாவே இல்ல. விமர்சனத்துல எப்படிச் சொல்றது?

மதிப்பெண் போடும் வேலையை விட்டுவிடுங்கள். மேடையில் என்ன நடந்தது, எந்த இடத்தில் கூட்டம் சிரித்தது, எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னாலே கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். நாடகம் பார்த்த ஒருவரையும் போட்ட ஒருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. பொய்யாகப் புகழ்ந்தால் அடுத்த முறை உண்மையாகவே நல்ல நாடகம் வரும்போது உங்கள் பேச்சை நம்ப ஆள் இருக்காது.

அதிகாரி பேட்டிக்கு வரமாட்டேங்கிறார். என்ன பண்றது?

கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள், பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். வரவில்லையென்றால் "இன்ன தேதியில் கேட்டோம், நிகழ்ச்சி தொடங்கும்வரை பதில் வரவில்லை" என்று ஒரு வாக்கியம், அதில் நக்கல் வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் பயப்படுவது நேரலைக்குத்தான், பதிவு செய்து போடலாம் என்றால் பாதிப் பேர் சம்மதித்துவிடுவார்கள். தலைமை அதிகாரி கிடைக்காவிட்டால் குழாய் திறந்துவிடும் ஊழியரைக் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவருக்குத்தான் விஷயம் தெரியும், ஆனால் பேசியதற்காக அவர் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதை அவரிடமே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நம்ம நிலையத்தை நடத்துற நிறுவனத்து மேலேயே ஒருத்தர் புகார் சொன்னா ஒலிபரப்பணுமா?

ஒலிபரப்ப வேண்டும், ஆனால் இதை அந்தப் புகார் வருவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கல்லூரி நடத்தும் நிலையத்துக்கு, அந்தக் கல்லூரியின் கழிவுநீர் பக்கத்துத் தெருவில் தேங்குகிறது என்று ஒரு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற புகார்களுக்கு என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், "இந்த நிலையத்தை நடத்துவதும் அதே கல்லூரிதான்" என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டிலும் எழுதுங்கள், கெடு அவர்களுக்கும் உண்டு.

நிர்வாகம் சம்மதிக்குமா? எல்லா இடத்திலும் சம்மதிக்காது. அதனால்தான் வட்டாரத்து மக்கள் இருக்கும் ஆலோசனைக் குழு வெறும் தாளில் இல்லாமல் உண்மையாகவே கூட வேண்டும். "நிர்வாகம் தலையிடாது" என்று அந்தக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் தகராறு வரும் நாளில் கையில் காட்ட ஏதாவது இருக்கும். அந்தப் புகாரைச் சத்தமில்லாமல் அமுக்கினாலும் அது வெளியே வந்துவிடும், வட்டம் சின்னது.

ஒரு அம்மா பேட்டி கொடுத்துட்டு மறுநாள் போடாதீங்கன்னு அழுதாங்க. நல்ல பதிவு. பேரை மாத்திப் போட்டுடலாமா?

போடாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் பெயரை மாற்றுவதால் எதுவும் மறையாது, குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள், சொன்ன சம்பவத்தை வைத்து எந்த வீடு என்றும் சொல்லிவிடுவார்கள். தேசிய வானொலியில் பெயரில்லாத ஒரு குரல் உண்மையாகவே பெயரில்லாத குரல்தான், நம்மிடம் அப்படி இல்லை. குடும்ப வன்முறை, கடன், நோய் போன்ற விஷயங்களை அவர்கள் அனுமதியோடு வேறு ஒருவர் குரலில், அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு எழுதிப் படிக்கலாம். அதற்கும் அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

நேரலையில் ஒருத்தர் கெட்ட வார்த்தை பேசிட்டா, இல்ல யாரையாவது திருடன்னு சொல்லிட்டா?

கெட்ட வார்த்தை சின்னப் பிரச்சினை, அழைப்பைத் துண்டித்து வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடலாம். பெயர் சொல்லித் திருடன் என்பதுதான் பெரிய பிரச்சினை, அதை ஒலிபரப்பியது நீங்கள் என்பதால் அவதூறு வழக்கில் நிலையமும் மாட்டலாம். உடனே குறுக்கிட்டு "அது நிரூபிக்கப்பட்டதில்லை, அவர் பக்கத்தை நாங்கள் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் திருப்புங்கள். சில வினாடி தாமதித்து ஒலிபரப்பும் வசதி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சூடான விஷயங்களுக்கு அழைப்புகளை முன்கூட்டிப் பதிவு செய்யுங்கள்.

தேர்தல் நேரத்துல வாயே திறக்கக் கூடாதா?

உங்கள் நாட்டு விதியைப் பொறுத்தது. பிரிட்டனில் செய்தி சொல்லலாம், ஆனால் நடுநிலை கட்டாயம். அமெரிக்காவில் வணிக நோக்கமற்ற நிலையங்கள் வேட்பாளரை ஆதரித்துப் பேசக் கூடாது. இந்தியாவில் அரசியல் பற்றிய வேலியை மேலேயே சொல்லிவிட்டேன். ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, வாக்குச்சாவடி எங்கே, எந்த அடையாள அட்டைகள் செல்லும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சாய்தளம் இருக்கிறதா என்பதையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம்.

பணம் எங்கிருந்து வருது?

எங்கேயும் தாராளமாக வருவதில்லை. நேயர் சந்தா, நன்கொடை, நடத்தும் நிறுவனத்தின் பணம், அரசு விளம்பரம், திட்ட நிதி எல்லாம் கலந்துதான் ஓடும். ஆஸ்திரேலியாவில் சமுதாய வானொலிக்கு விளம்பரம் கிடையாது, மணிக்கு 5 நிமிடம் வரை ஆதரவாளர் அறிவிப்பு, அதாவது பணம் தந்து ஆதரிப்பவர்களைப் பற்றிய அறிவிப்பு, மட்டும் உண்டு. இந்தியாவில் மணிக்கு 5 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பிறகு 7 ஆகி, 2024 விதிகளில் 12 நிமிடமாக உயர்ந்தது. நேரம் கூடியதால் விளம்பரம் கூடிவிடாது என்பது நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

திட்ட நிதியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரு வருடம் முழுக்க ஊட்டச்சத்து, அடுத்த வருடம் முழுக்கக் கழிப்பறை என்று நிதி கொடுப்பவரின் தலைப்பே நிலையத்தின் தலைப்பாகிவிடும். நல்ல தலைப்புகள்தான், ஆனால் அது வேண்டும் என்று வட்டாரத்தில் யாரும் கேட்கவில்லையே.

யார் கேட்கிறாங்கன்னு எப்படித் தெரியும்? பாட்காஸ்ட்டுன்னா எண்ணிக்கையாவது வரும்.

வரும், ஆனால் அந்த எண்ணிக்கையில் உங்கள் தெருக்காரர் எத்தனை பேர்? பாட்காஸ்ட்டை நான் எதிர்க்கவில்லை, பதிவுகளை இணையத்திலும் போடுங்கள். வானொலிக்கு டேட்டா வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம், கை வேலையை நிறுத்தவும் வேண்டாம். இலங்கையில் கொத்மலை வானொலி 1999-இல் வானொலி, இணையம் இரண்டையும் சேர்த்தே செய்து காட்டியது. நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் பதில் சொல்வார்கள். கேட்பவர்களை அறிய நேரில்தான் போக வேண்டும். வாரச்சந்தை, பேருந்து நிறுத்தம், மருத்துவமனை வரிசை, இங்கெல்லாம் நின்று "வானொலி கேட்பீர்களா" என்று கேட்காமல் "நேற்று தண்ணீர் பற்றி என்ன சொன்னார்கள் தெரியுமா" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காக எல்லாரும் ஆமாம் என்பார்கள்.

வெள்ளம், புயல் வந்தா நம்ம சின்ன நிலையம் என்ன செய்ய முடியும்?

கரண்டும் செல்ஃபோன் கோபுரமும் போன பிறகும் பேட்டரி ரேடியோ பாடும், நிலையத்தில் ஜெனரேட்டரும் டீசலும் இருந்தால். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் சில நிலையங்கள் கூடாரத்திலிருந்து ஒலிபரப்பின. அந்த நேரத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எந்தப் பள்ளி நிவாரண முகாம், எந்தப் பாலம் மூடியிருக்கிறது, குடிநீர் எங்கே என்பதை அதிகாரிகளிடம் உறுதி செய்து அரை மணிக்கு ஒரு முறை நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். "காலை பத்து மணி நிலவரம்" என்று சொல்லாவிட்டால் மதியம் அதையே யாராவது புதிது என்று நினைத்து அங்கே போய் நிற்பார்கள்.

பழைய பதிவெல்லாம் எவ்வளவு நாள் வெச்சிருக்கணும்?

இந்தியாவில் ஒலிபரப்பிய நாளிலிருந்து மூன்று மாதம் வைத்திருப்பது கட்டாயம், யாராவது புகார் கொடுத்தால் கேட்பார்கள். ஆனால் மூன்று மாதம் ஆனதும் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். கலைஞர்களின் பதிவுகளையும், நோட்டில் எழுதிய வாக்குறுதிகளின் மூலப் பேட்டிகளையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்கிலும், வேறொரு கட்டடத்தில் இன்னொரு பிரதியாகவும் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, இடம், பேசியவர், பொருள் நான்கும் இருக்கட்டும். "ஃபைனல்", "புது ஃபைனல்", "இதுதான் ஃபைனல்" என்று பெயர் வைத்த கோப்புகளை அடுத்த வருடம் வருகிற தன்னார்வலர் ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.